ஆறு புள்ளி ஏழு இரண்டு லிட்டர் ஆக்ஸிஜன்

சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை வயதில் நான் காட்டிய ஒரே வீரம் ஆறு புள்ளி ஏழு இரண்டு லிட்டர் ஆக்ஸிஜனுக்காக. தேசத்துக்காக இல்லை, மொழிக்காக இல்லை, ஒரு பெண்ணுக்காகக்கூட இல்லை. அந்த வீரமும் கொள்கையிலிருந்து வந்ததல்ல. திறமை போதாமல் வந்தது. வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தப்பான விடைக்குப் போய்ச் சேர வழி தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. சரியான விடையிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, காவிரியைத் தாண்டி, திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிராணவாயுவாக இருந்தது, பாலத்தைக் கடந்ததும் ஆக்ஸிஜன் ஆகிவிட்டது. மற்றபடி எனக்கும் அதற்கும் இருந்த உறவில் மாற்றமில்லை. நான் அதைச் சுவாசித்தேன். அது என்னை ஃபெயிலாக்கியது.

கெமிஸ்ட்ரி கணக்குகள் எல்லாம் ஒரே சாயல். இன்ன பொருளை இத்தனை கிராம் சூடாக்கினால் இன்னது எத்தனை வரும்? சமன்பாட்டை எழுத வேண்டும். இரண்டு பக்கமும் அணுக்கள் சரியாக இருக்கும்படி முன்னால் எண்களைப் போட வேண்டும். அடியில் எடைகளை எழுதி விகிதம் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதைச் செய்யும் முறை வேறு. புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டி, முதலில் விடையைக் கடைசி வரியில் எழுதிக்கொள்வார்கள். பிறகு மேலிருந்து ஒரு வரி, கீழிருந்து ஒரு வரி. இரண்டும் நடுவில் எங்கோ சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்ளும். இதற்கு ‘ஆன்சர் கொண்டுவரது’ என்று பெயர். பெரிய கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்தவரின் மகன், என் பக்கத்து பெஞ்சுக்காரன், இந்தக் கலையில் மன்னன். விடை எதுவென்று மட்டும் சொன்னால் போதும், கேள்வியே இல்லாமல் கணக்கைப் போட்டுவிடுவான்.

அந்தக் கணக்கு இதுதான். இருபத்து நாலரை கிராம் பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கினால் என்.டி.பி.யில், அதாவது பூஜ்ய டிகிரியில் சாதாரண காற்றழுத்தத்தில், எத்தனை லிட்டர் ஆக்ஸிஜன் வரும்? புத்தகம் 4.48 என்றது. எனக்கு 6.72 வந்தது. இரண்டாம் தடவையும் 6.72. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அப்போதும் 6.72.

“மாப்ளே, முன்னாடி மூணு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்கல்ல? அதெல்லாம் கல்யாண வீட்டு வாசல்ல கட்ற வாழைமரம் மாதிரி. அழகுக்கு நிக்கும். அதைப் போயி கணக்குக்குள்ள இழுத்துக்கிட்டு வரலாமா?” என்றான் நண்பன். வாழைமரத்தை அவன் வாசலிலேயே விட்டுவிட்டான். மூன்றே வரியில் 4.48 வந்தது.

மறுநாள் லெக்சரர் அதைப் போர்டில் போட்டார். கோட்டும் தலைப்பாகையுமாக வருபவர். பையன்களை ‘மிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். முறையாகச் சமன் செய்து, முறையாக வகுத்து, 6.72 என்று எழுதினார். புத்தகத்தைப் பார்த்தார். போர்டை அழித்தார். மறுபடி போட்டார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “ஆக்ஸிஜனைத் தண்ணீர் மேலே கலெக்ட் பண்றோம். கொஞ்சம் தண்ணீரிலே கரைஞ்சு போகும். ஆகவே 4.48. எழுதிக்குங்க” என்றார்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து நின்றேன். “சார், ரெண்டு லிட்டருக்கு மேல எப்படி சார் கரையும்?”

“கரையாட்டா மீனெல்லாம் எப்படி மூச்சு விடுது, மிஸ்டர்?”

வகுப்பு சிரித்தது. மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நான் ஐயங்கார் வீட்டுப் பையன். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நோட்டில் 4.48 எழுதவில்லை.

அந்தக் காலத்தில் செலக்‌ஷன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அதில் முப்பத்தைந்து வாங்காதவனைக் கல்லூரி பரீட்சைக்கே அனுப்பாது. அனுப்பாவிட்டால் என் கதை என்ன என்பதை அப்பா ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். தொட்டியத்தில் மாமாவின் வாழைத் தோப்பு. தார் வெட்டுகிறவர்களுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் உத்தியோகம், ஆயுசு பரியந்தம். மாமா எனக்காக ஒரு குடைகூட வாங்கிவிட்டார் என்று தகவல் வந்தது.

டெஸ்டில் அதே கணக்கு, பத்து மார்க்குக் கட்டாயக் கேள்வி. பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு கால் என் காலை உதைத்தது. “நாலு… நாலு நாப்பத்தெட்டு…” என்று இருமல் மாதிரி ஒரு குரல். நான் 6.72 என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். அடியில், புத்தகத்தில் உள்ள விடை தவறு என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதி, அதற்குக் கோடும் போட்டேன்.

பத்துக்கு முட்டை. மொத்தம் முப்பத்திரண்டு.

லெக்சரர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தவில்லை. “மிஸ்டர், தவறாகப் புரிஞ்சுண்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடும். அந்த வாக்கியத்தையும் அடிச்சுடும். மார்க் போட்டுடறேன்.”

பேனாவையும் நீட்டினார். தொட்டியம் கண்ணில் தெரிந்தது. குடையும் தெரிந்தது. “மாட்டேன் சார்” என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. அதற்கு முன்னும் பின்னும், ஓட்டலில் ஆறின காபியைக்கூட நான் திருப்பி அனுப்பியவனல்ல.

“நீர் புத்தகம் எழுதினவரைவிடப் பெரியவரோ?”

“இல்ல சார். ஆனா வாயுவுக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. சுட்டுப் பாத்துடலாமே சார்.”

நீட்டிய பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். “சனிக்கிழமை மத்தியானம் லாபுக்கு வாரும். நாலு நாப்பத்தெட்டுக்கு மேல ஒரு குமிழி வந்தாலும் பார்ப்போம்.”

மாசி மாதம். திருச்சியில் மாசி என்பது பேருக்குத்தான். வெயில் சித்திரையை ஒத்திகை பார்க்கும். நண்பன் வேடிக்கை பார்க்க வந்து, உதவிக்கு நின்றான். கெட்டிக் கண்ணாடிக் குழாயில் அதே இருபத்து நாலரை கிராம் பொட்டாசியம் குளோரேட், கீழே பர்னர், தொட்டித் தண்ணீரில் கவிழ்த்த லிட்டர் ஜாடிகள். குமிழி கிளம்பியது. ஒரு ஜாடி நிறைய, அடுத்ததைக் கவிழ்த்தோம். நாலு ஜாடி நிறைந்தது. ஐந்தாவது பாதியைத் தாண்டியபோது லெக்சரர் தலைப்பாகையைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஆறு நிறைந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஏழும் நிறைந்தது. எட்டாவது ஜாடியில் பாதிக்கு மேல் ஏறியபோது என் நெஞ்சு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

“போதும்னு சொல்லு மாப்ளே, அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு!” என்றான் நண்பன்.

லெக்சரர் முகம் மலர்ந்தது. “ஏழரைக்கு மேல! புத்தகமும் தப்பு, நீரும் தப்பு!”

தோற்றவன் மூளை சில சமயம் வேலை செய்யும். “சார், ஆறு புள்ளி ஏழு ரெண்டு ஜீரோ டிகிரிக்கு. இங்க வெயில்ல வாயு விரிஞ்சிருக்கு.”

“ஜீரோ டிகிரிக்கு நான் திருச்சிராப்பள்ளியில எங்கய்யா போவேன்?” என்று சீறினார். ஆனாலும் தெர்மாமீட்டரைப் பார்த்தார். சாக்பீஸை எடுத்து மேஜை மேலேயே வெயிலைக் கழித்தார்; ஜாடிக்குள் புகுந்த நீராவியையும் கழித்தார். கடைசி வரி எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஆறரையைத் தாண்டி ஏதோ ஒன்று. முழுசாகப் படிப்பதற்குள் கோட்டுக் கையாலேயே அழித்துவிட்டார்.

“அஞ்சு மார்க் போடறேன். முப்பத்தேழு. போய்ச் சேரும்.”

“மீதி அஞ்சு சார்?”

நண்பன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான்.

“அந்த வாக்கியத்துக்குக் கழிச்சது.”

“அந்தப் பேப்பர்லயே தப்பில்லாம நான் எழுதின இங்கிலீஷ் அது ஒண்ணுதான் சார்.”

“வெளியே போம்!” என்றார். போனேன். ஆனால் சொல்லிவைக்கிறேன்: அந்த ஐந்து மார்க்கை நான் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. பி.யு.சி. பாஸ் செய்து, வேறு எதையோ படித்து, கெமிஸ்ட்ரிக்குச் சம்பந்தமே இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து தலை நரைத்தாயிற்று. யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை 6.72தான். நாலு நாற்பத்தெட்டுக்காரர்கள் எல்லாரும் என்னைவிட நன்றாகத்தான் இருக்கிறார்கள். இருக்கட்டும். அதனால் ஆக்ஸிஜன் குறையவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பாலத்தைக் கட்டியவனே நான்தான் என்பதுபோல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி ஜாடியாகச் சொன்னேன். அவர் பேப்பரை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ்வளவையும் பிடிச்சு என்னடா பண்ணினேள்?”

“என்ன பண்றது? ஜன்னலைத் தெறந்து வெளியில விட்டுட்டோம்.”

அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். “என்கிட்டச் சொல்லியிருந்தா கொள்ளிடக்கரைக்கு அழைச்சுண்டு போயிருப்பேனேடா. காத்தைச் சும்மாவே வேணுங்கற மட்டும் பிடிச்சிருக்கலாம்.”