அம்மா பக்கத்துக் கடல்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் அது கடைசியாக அம்மாவிடம்தான் இருந்திருக்கும். சாவி, ரேஷன் கார்டு, என் ஹால் டிக்கெட், அப்பாவின் பேனா மூடி, எதுவானாலும் "அம்மாட்ட குடு" என்பதுதான் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் தைரியத்தில்தான் பதிமூன்று வயதில் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அப்பா டில்லியில் மத்திய அரசு ஊழியர். கோல் மார்க்கெட் பக்கத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். எல்.டி.சி. என்று அரசாங்கம் கொடுக்கும் பயணச் சலுகையை எங்கள் வரிசைத் தமிழர்கள் எல்லோரும் திருநெல்வேலி, மதுரை என்று ஊருக்குப் போய்க் கல்யாணம் காதுகுத்தில் கரைத்துவிட்டு வருவார்கள். நாங்களும் அப்படித்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, இந்தத் தடவை லட்சத்தீவு என்றார். ஏதோ பத்திரிகையில் வந்த பவளப்பாறைப் படத்தை வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்து, காலையில் சட்டை எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டார். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அப்பாவின் கண்ணாடி சோடாபுட்டி ரகம். அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது நானா கதவா என்று அவருக்குத் தெரியாது. மாற்றுக் கண்ணாடி ஒன்று உண்டு. கிளம்பும் அன்று அம்மா அதைப் பெட்டியில் வைத்தாள். அப்பா வெளியே எடுத்தார். "கடல்ல கிடல்ல விழுந்து தொலைஞ்சிரும். இது பத்திரமா இங்கயே கெடக்கட்டும்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்பாவின் ஜாக்கிரதை எப்போதும் இந்த மாதிரிதான்.

கொச்சியில் கப்பல் ஏறிய ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்கு வாந்தி. மாத்திரை மேல் மாத்திரை போட்டுக் கண் சொருகிக் கிடந்தாள். மறுநாள் காலை முதல் தீவு. கப்பல் தூரத்திலேயே நின்றுவிட, படகுக்காரர் ஒருவர் எங்கள் மூவரையும் சின்னப் படகில் இறக்கி, பவளப்பாறைகளுக்கு மேலே படகைக் கொண்டுபோய் நிறுத்தினார். அடியில் ஒரு தோட்டமே இருந்தது. நடுவில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

"அப்பா, ஜல்தி! இங்க பாருங்க!" என்று கத்தினேன்.

அப்பா பார்க்கவில்லை. தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர். புதுத் தண்ணீரைக் கண்டால் முதலில் மூன்று முழுக்கு, அப்புறம்தான் வேடிக்கை. குற்றாலமானாலும் ஹரித்வாரானாலும் அவருக்கு அதுதான் முறை. "குளிச்சிட்டு வந்து நிதானமாப் பாக்கேன்" என்று சட்டையைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்தார். "அம்மாட்ட குடு."

நான் கொடுக்கவில்லை. அம்மா எதிர்ப்பக்கப் பலகையில் முந்தானையால் முகத்தை மூடிச் சுருண்டு கிடந்தாள். எழுந்து போனால் நாலு அடி. அந்த நாலு அடிக்குச் சோம்பல் எனக்கு. கண்ணாடியை என் சட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தேன்.

சத்தமே இல்லாமல் விழுந்தது. அவசரமில்லாமல் இறங்கி, ஒரு ஊதாப் பாறையின் இடுக்கில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மஞ்சள் மீன் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்று. எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

அப்பா தலையைத் துடைத்தபடி படகில் ஏறினார். "கண்ணாடி எங்க?"

"அம்மாட்ட குடுத்துட்டேன்ப்பா."

அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். மடியைத் தடவினாள், பலகைக்கு அடியில் பார்த்தாள், முந்தானையை உதறினாள். "எங்கிட்டயா குடுத்தா?" என்று பொதுவாகக் கேட்டாள். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "தூக்கக் கலக்கத்துல விட்டுட்டேன் போலிருக்கு" என்றாள்.

படகுக்காரர் பார்த்துவிடலாம் என்று சைகை காட்டிவிட்டுக் குதித்தார். அம்மா பக்கத்தில்தான் குதித்தார். மூன்று தடவை முங்கினார், மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தார். எனக்கு நேர் கீழே, இந்தப் பக்கம், அது தெரிந்துகொண்டே இருந்தது. 'இந்தப் பக்கம்' என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பா அடிக்கிறவர் இல்லை. ஒரு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் மேல் எனக்கு ஆத்திரம் அடங்காததும் அதனால்தான். படகு மெல்ல நகர்ந்தது. பிறகு எனக்கும் அது தெரியவில்லை.

இன்னும் இரண்டு தீவுகள் பாக்கி இருந்தன. தீவில் எங்கே கண்ணாடிக் கடை? அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார், இறங்கினார். "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்பார். டில்லியில் பிறந்த என் தமிழில் மொத்தமே ஏழெட்டு நிறம்தான் உண்டு. "நீலம்ப்பா. அப்புறம் இன்னொரு நீலம்" என்பேன். அவர் தண்ணீரின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அச்சா, அப்புறம்?" என்பார். நான் சொன்னது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

டில்லி திரும்பியதும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து மாற்றுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கதவின் உள்பக்கம் அந்தப் படம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பிறகு அது வீட்டுக் கதையாகிவிட்டது. யார் வந்தாலும், "லட்சத்தீவுக்குப் போயும் பாக்காம வந்தவன் நான். எங்க வீட்டம்மா என் கண்ணாடியைக் கடலுக்குக் காணிக்கை குடுத்துட்டா" என்று அப்பா சிரிப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே காபி போட எழுந்து போவாள். நான் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். சொல்லாத வருஷங்கள் கூடக்கூட, சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

நான் வேலைக்குப் போன பிறகு டில்லியிலேயே துவாரகாவில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். அங்கேதான் அப்பா தவறிப்போனார். சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய கடைசிக் கண்ணாடியை அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான் ஆசப்பட்டாவ. அதையும் நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலு அடி, சட்டைக் கழுத்து, மஞ்சள் மீன், படகுக்காரர் தப்பான பக்கம் முங்கியது, ஒன்றையும் விடவில்லை. அம்மா துடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் என் தலையைத் தடவினாள்.

"எனக்காவப் பொய் சொல்லாதட்டி" என்றாள். "நீ குடுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையில வாங்குனேன். கம்பி ஈரமா இருந்துச்சு. அதான் வழுக்கிட்டு."

"இல்லம்மா, சத்தியமா நான்தான்."

"சரி சரி, விடு. எனக்குத் தெரியாதா?"

கண்ணாடியை மடித்துக் கூட்டுக்குள் வைத்து மூடினாள். அதை என்னிடம் நீட்டினாள்.

"இத நீயே வச்சுக்கோ. எங்கிட்ட இருந்தாத் தொலைஞ்சிரும்."