கடப்பாரை இறங்காத மனை

செல்வகுமார் முதன்முதலாகப் பார்த்தபோது கமலக்கண்ணன் ஒரு கடப்பாரையைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தார். மூலக்குளத்துக்கு மேற்கே, 'தங்கமேடு நகர்' என்று பலகை நட்ட வெட்டவெளி. சித்திரை மாத உச்சி வெயில். விழுப்புரத்திலிருந்து மனை பார்க்க வந்த ஒரு குடும்பம் குடைக்குள் ஒடுங்கிக்கொண்டு எதிரில் நின்றது. கடப்பாரை தரையில் விழுந்தது, 'ணங்' என்று சத்தம் போட்டு எகிறியது.

"பாத்தீங்களா? எறங்கல. மூணு மாடி கட்டுங்க, நாலு மாடி கட்டுங்க. அசையாது," என்றார். பிறகு, செல்வகுமாரும் மனை பார்க்க வந்தவன்தான் என்று நினைத்துக் கடப்பாரையை அவனிடம் நீட்டினார். "தம்பி, நீங்களே குத்திப் பாருங்க. வயசுப் புள்ள, ஒடம்புல தெம்பு இருக்கும்."

செல்வகுமார் வாங்கவில்லை. அவன் சிவில் என்ஜினியர். கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்து தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் அவனுடையது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவன்தான். அதை அவன் யாருக்கும் சொல்லாமல் விட்டதும் இல்லை. அதே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்த பூர்ணிமா, தான் வீடு கட்டப் போகும் மனையில் ஒரு குழி தோண்டி மண்ணைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டதால் வந்திருந்தான். கமலக்கண்ணன் அவளுடைய அப்பா. நகரைப் பிரித்து விற்பவரும் அவர்தான்.

"நான் பூர்ணிமா மேடம் ஆபீஸ்லேர்ந்து வர்றேன் சார். சாயில் டெஸ்டுக்கு."

கமலக்கண்ணனின் முகம் ஒரு நொடி இருண்டது. விழுப்புரத்தார் காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகு செல்வகுமாரின் தோளைப் பிடித்து, சாமி கும்பிடக் கூட்டிப்போகிற பவ்வியத்தோடு, பத்தடி தள்ளி நடத்திப்போனார்.

"இங்க குழி கிழியெல்லாம் தோண்டக் கூடாது தம்பி. எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன் மண்ணப் பத்தி."

சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மின்கம்பம் நட எடுத்த பள்ளத்து மண் பக்கத்திலேயே கொட்டிக் கிடந்தது. மேலே ஒரு சாண் செம்மண், லாரியில் வந்து இறங்கியது. அதற்குக் கீழே அசல் சரக்கு: சாம்பலும் நீலமும் கலந்த களி. நடுநடுவே வேர் போன வழியெல்லாம் துருப் பிடித்த ஆணியின் நிறத்தில் கறை. வெள்ளை வெள்ளையாய் நத்தை ஓடுகள். மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி, மூச்சுவிடக் காற்றில்லாமல் கிடந்த மண்ணுக்குத்தான் அந்தச் சாம்பல் நிறம் வரும். வேர் அழுகிய துளை வழியாகக் கொஞ்சம் காற்று நுழைந்த இடத்தில் மட்டும் துரு. ஒரு பழைய ஏரி காலப்போக்கில் சுருங்கிச் சுருங்கிப் பின்வாங்கியபோது, படிக்கட்டு போல விட்டுப்போன திட்டுகளில் ஒன்று இது. ஏரிப் படுகையைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருந்ததை வைத்துக்கொண்டு கமலக்கண்ணன் அதற்கு மேடு என்று பெயர் வைத்தார். தங்கம் அவருடைய சொந்தக் கற்பனை.

செல்வகுமார் ஒரு கட்டியை எடுத்தான். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்துப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினான். பென்சில் பருமனில் நீளமாக வந்தது. வளைத்து மோதிரம் போலச் செய்தான். ஒரு கீறல் இல்லை.

"சார், இது தண்ணி குடிச்சா உப்பும். காஞ்சா சுருங்கும். மேல இருக்கிற வீடும் கூடவே ஏறி எறங்கும். உள்ளே எறங்கின தண்ணி வெளிய போவாது. ஆழமா துளை போட்டு கான்கிரீட் பைல் எறக்கி, பீம் கட்டித்தான் எழுப்பணும்."

"எந்த ஊரு தம்பி நீங்க?"

செல்வகுமார் ஊரைச் சொன்னான்.

"அப்பா?"

"வெவசாயம்."

"அப்பா மண்ண உழுதாரு, புள்ள மண்ணப் படிச்சிட்டு வந்திருக்கீங்க," என்று கமலக்கண்ணன் சிரித்தார். "என்னா பிரயோசனம்? கடப்பாரையே எறங்கல, உங்க படிப்பு எறங்கிடுமா?"

"ஐப்பசியில குத்திப் பாத்திருக்கீங்களா சார்?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. குடைக்குள் இருந்தவர்களிடம் போய்விட்டார்.

கமலக்கண்ணனின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அந்தப் பதில் சொல்லாமையில் அடக்கம். அவருக்கு மண் தெரியாது என்று சொல்ல முடியாது. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இதே திட்டில்தான் அவருடைய அப்பாவுக்கு நிலம் இருந்தது. மழைக்காலத்தில் மாடு முழங்கால் வரை புதைந்து நின்றதையும், நாலு பேர் கயிறு கட்டி இழுத்ததையும் சின்ன வயதில் பார்த்தவர். அவருடைய அப்பா அங்கே ஒரு மாட்டுக்கொட்டகைகூடப் போட்டதில்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு செம்மண் லாரி ஓட்டினார் கமலக்கண்ணன். பிறகு புரோக்கர். பிறகு வெள்ளைச் சட்டை, தங்க மோதிரம், டிக்கியில் கடப்பாரை வைத்த கார்.

தைக்கும் ஆவணிக்கும் நடுவில்தான் மனை காட்டுவார். ஐப்பசி பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார். ஊரில் மற்றவர்கள் கார்த்திகை முதல் தேதியில் போடும் மாலையை இவர் மேகம் கறுக்கும்போதே போட்டுவிடுவார். யாராவது மனை பார்க்க வேண்டுமென்று போன் செய்தால், "சாமி இப்ப வியாபாரம் பேசறதில்ல சாமி, மகரஜோதி முடியட்டும்," என்பார். தங்கமேடு நகருக்குப் பலகை நட்ட வருஷத்திலிருந்துதான் அவருக்கு ஐயப்பன் மேல் இவ்வளவு பக்தி. பல்லைப் பிடுங்கக்கூட எக்ஸ்ரே எடுக்கிற படித்த மனிதர்கள், கடப்பாரைச் சத்தத்தைக் கேட்டு ஆயுள் சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களைப் பற்றியும் செல்வகுமாருக்கு நல்ல வார்த்தை எதுவும் தோன்றவில்லை.

ஊரானை ஏமாற்றுகிறவன் வீட்டுக்காவது உண்மையாக இருப்பான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கமலக்கண்ணன் அதையும் மிச்சம் வைக்கவில்லை. பூர்ணிமா வீடு கட்டவிருந்தது, அவள் கல்யாணத்தில் அவரே சீராகக் கொடுத்த மனை. நகரின் முகப்பு மனை. அதில்தான் அவளுக்கும் அவள் கைக்குழந்தைக்கும் ஒரு வீடு எழும்ப வேண்டும். கணவன் துபாயில் சம்பாதித்து அனுப்புவதும் அவள் சம்பளமும் மொத்தமாக அதில் போகப் போகின்றன. தவறினால் இன்னொரு வீடு இந்த ஜென்மத்தில் இல்லை.

"ஒரு குழிதானப்பா. ரெண்டு நாள்ல மூடிடுவாங்க," என்று கேட்டிருக்கிறாள்.

"முகப்பு மனையில குழி தோண்டினா பாக்க வர்றவன் எட்டிப் பாப்பான். உள்ள இருக்கிற களிய பாத்தப்புறம் எவன் வாங்குவான்?"

"அப்ப களின்னு உங்களுக்குத் தெரியுது."

மனிதர் அசரவில்லை. "அப்பன் சீரா குடுத்தத சோதிச்சுப் பாக்கறியா? உங்க அத்தைக்குக் குடுத்த நகைய யாராவது ஒரசிப் பாத்தாங்களா? சம்பந்தி வீட்ல கேட்டா என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

சீர் என்கிற சொல்லுக்கு நம் வீடுகளில் அவ்வளவு பலம். பூர்ணிமாவும் அதற்குக் கட்டுப்பட்டாள். மறுநாள் அலுவலகத்தில் செல்வகுமாரிடம், "டெஸ்ட் வேணாம், விடுங்க," என்றாள்.

"வீடு உங்களுதா, அவருதா?"

"அப்பா குடுத்ததுங்க."

அதற்கு மேல் படிப்பு செல்லுபடியாகவில்லை. கோடை முடிவதற்குள் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் பறித்தார்கள். இடுப்பளவு ஆழம்கூட இல்லை. காய்ந்து பாறையாகிக் கிடந்த களியின் மேல் கருங்கல்லை அடுக்கி, கமலக்கண்ணனே நின்று கட்டினார். அவசர அவசரமாக ஆவணியில் கிரகப்பிரவேசம். விருந்துக்கு வந்தவர்களுக்கு வாசலில் கடப்பாரை விளையாட்டும் காட்டினார். அன்றைக்கே ஒரு மனை விலைபோனது.

முதல் ஐப்பசியில் உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சவில்லை. குளித்த தண்ணீர் குளியலறைக்கே திரும்பி வந்தது. பின்கதவு சட்டத்தில் இறுகி, அதோடு திறப்பதை நிறுத்திக்கொண்டது. பங்குனியில் தரை வெடித்தபோது ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல். சுண்டுவிரல் உள்ளே போகும் அகலம். "புது வீடு, செட்டில் ஆவுதும்மா," என்று பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார் அப்பா. அவர் கொட்டிய செம்மண் அந்தக் கோடையில் பாதிக்கு மேல் வெடிப்புகளுக்குள் இறங்கிப்போயிற்று.

இரண்டாவது கார்த்திகையில் ஒரு காலை, பூர்ணிமா செல்வகுமாருக்கு போன் செய்தாள். முன்கதவும் அசையவில்லை. உள்ளே அவளும் குழந்தையும். கழிவறைத் தண்ணீர் நடுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கும் சொல்லிவிட்டாளாம்.

செல்வகுமார் பைக்கை மெயின்ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தான். செருப்பு ஒவ்வொன்றிலும் ஒரு படி களி. அவன் போய்ச் சேர்ந்தபோது கமலக்கண்ணன் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக, கையில் கடப்பாரையோடு வாசலில் நின்றார். கதவை ஆராய இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கடப்பாரையைப் பக்கத்தில் ஊன்றினார். குத்தவில்லை. ஓங்கவில்லை. சும்மா ஊன்றினார். அது தன் எடையிலேயே இறங்கியது. முழங்கால் அளவுக்குப் போய் நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ஐப்பசியிலயே குத்திப் பாத்திருக்கலாம் சார்," என்றான் செல்வகுமார்.

கமலக்கண்ணன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, இத யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம். தையில ஒரு பார்ட்டி வருது," என்றார்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூர்ணிமா நின்றிருந்தாள். உள்ளே இருக்கியா, புள்ளை நனைஞ்சிடுச்சா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை அவளும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மொதல்ல கதவ ஒடைங்க சாமி," என்றாள். "பார்ட்டி வந்தா பாத்துக்கலாம்."

களியிலிருந்து கடப்பாரையைப் பிடுங்க இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. கதவை உடைத்தவன் செல்வகுமார். பூர்ணிமா குழந்தையையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "சாமி சரணம், எங்கம்மா போற?" என்று கேட்ட அப்பாவைத் தாண்டி, சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மெயின்ரோடு வரை நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பூர்ணிமா இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். தங்கமேடு நகரின் முகப்பில் உள்ள வீடு பூட்டிக் கிடந்தால் மனை பார்க்க வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள் என்பதால் கமலக்கண்ணன் தானே அங்கே குடியேறிவிட்டார். வருஷா வருஷம் தை பிறந்ததும் விரிசல்களுக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிறார். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்ளும்போது, கம்பியை அறுத்தெடுத்த ஜன்னல் வழியே ஒரு ஸ்டூல் போட்டு ஏறி இறங்கி, அந்த வீட்டிலேயே இருக்கிறார்.