ஏரியைச் சேர்க்காத சராசரி

ஏரித் தண்ணீரில் ஊறிய டென்னிஸ் பந்துக்கு நண்டுக் கவிச்சி உண்டு. அதை அரைக்கால் சட்டையில் துடைத்துத் துடைத்து, ஈரத்தோடேயே வீசுவோம். ஏரிக்குள் படகில் மட்டுமே போகமுடிகிற எங்கள் ஊர் பசியாவரத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மணல்திட்டுதான் எங்கள் மைதானம். ஊருக்கு ஒற்றைப் பந்து என்பதால் சட்டமும் ஒன்றே: தண்ணீரில் அடித்தால் "அவுட்", அடித்தவனே நீந்திப் போய் எடுத்துவர வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தவர் பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன். தூக்கி அடிக்கவே மாட்டார். தரையோடு தரையாக, ஆளில்லாத இடுக்கு பார்த்து நகர்த்துவார். ஈர மணலில் பந்து சோம்பலாய் நின்றுவிடும், ஒன்றோ இரண்டோ ஓடுவார். காற்று பந்தைத் திருப்பிவிடும் நாளிலும் அவரை அசைக்க முடியாமல் வெளியூர்க்காரர்கள் சலித்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பொன்னேரியில் வட்டார அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஏரியில் மீன் வலை இழுக்கும்போதும் அண்ணனுக்கு அந்தத் தேர்வைப் பற்றியே பேச்சு. தேர்வாளரோ ஆடவிட்டுப் பார்க்கவில்லை, எங்கள் ஊர் ஆட்டங்களின் ரன் கணக்கை மட்டும் பார்த்து, மொத்த ரன்னை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்.

"சராசரி ரொம்பக் கம்மிப்பா. அடிக்கிறவன்தான் வேணும், நிக்கிறவன் வேணாம்."

கூட வந்திருந்த பெரியப்பா துண்டை உதறினார். "ஏரிய இன்னா பண்ணீங்க சார்? அதையும் சேத்துதான் வகுத்தீங்களா?"

தேர்வாளருக்குப் புரியவில்லை. எங்கள் சட்டம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும் என்பதால், அதைப் பொன்னேரிக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "எங்க புள்ள ஆட்டத்த நாங்க பாத்துக்கினுதானே கீறோம்" என்று பெரியப்பா முறுக்கிக்கொண்டார். "வா நைனா, போலாம்" என்று தன் அப்பாவை அழைத்தார் அண்ணன்.

எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு படகேறி வந்து பார்க்க அந்த மனிதருக்கு என்ன கேடு? எந்த மண்ணில் ஓடிய ஓட்டம் என்று கேளாதவன் கையில் எண் வெறும் கல். எங்கள் கண் மட்டும் யோக்கியமா? எளாவூர் ஆட்டத்தில் ஒரே ஒரு சிக்ஸர் அடித்த வேறொருவனை "சூரப்புலி" என்று தோளில் தூக்கிய கண்தானே அது. அதன்பின் அவன் முட்டை முட்டையாய்ப் போட்டதை யார் எண்ணினோம்? பார்த்தவன் எண்ணவில்லை, எண்ணியவன் பார்க்கவில்லை. நடுவில் அண்ணன் மறுபடி மீன் வலைக்கே போனார்.

இப்போது அவர் மகள் பொன்னேரியில் ஆடுகிறாள். பயிற்சியாளர் கைபேசியில் அவள் எண்களைக் காட்டியபோது, "எந்த கிரவுண்டுனு போட்டிருக்கா சார்?" என்று கேட்டாராம் அண்ணன். போடவில்லை.

எங்கள் மணல்திட்டை ஏரி தின்றுவிட்டது. இனி மனம் திருந்தி ஒருவர் படகேறி வந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் குறைந்த சராசரி மட்டும் அப்படியே நிற்கிறது.