கலுங்கில் வாங்கிய இரண்டு அடி

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். எந்த இடத்தில் எந்த ர போடுவது என்பதும் எனக்கு நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் ஊர்க் கூட்டத்தில், முன்பெல்லாம் வெள்ளம் வந்தால் என்ன செய்தீர்கள் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர், கரையில் தாழ்வாக விட்ட கல்கட்டான கலுங்கின் மேல் வழிந்து, ஓடையில் இறங்கி, தாய்மாமா ஊர்க் கண்மாய்க்குப் போகும். மழை குறைந்த வருடங்களில் என் அப்பா முன்னால் நின்று, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளைக் கலுங்கின் மேல் இரண்டு வரிசை அடுக்குவார். ஒரு முழம் தண்ணீர் எங்களுக்குக் கூடுதலாக நிற்கும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். மாமா வந்து அந்தக் கட்டிகளை உதைத்துத் தள்ளினார்.

"நீங்க மட்டும் பொங்கித் திங்கணும், நாங்க புழுதியத் திங்கணுமா?"

மாமா எனக்குச் சந்தையில் சேவு வாங்கித் தருபவர். அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் இரண்டு கட்டிகளை உதைத்தேன். அப்பா முதுகில் ஓர் அடி வைத்தார். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மறு வருடம் கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. கலுங்கின் மேல் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாமா நனைந்தபடி ஓடி வந்தார்.

"மாப்ளே, எங்க கரையில சட்டி அகலத்துக்கு ஊத்து எடுத்துருச்சு. கரைக்கு அங்கிட்டுத்தான் வீடு பூராம் இருக்கு. இன்னைக்கு ஒரு பொழுது கலுங்க அடச்சு வைங்க."

"போன வருசம் ஒதச்ச காலு இதுதான மச்சான்?"

"இதே காலுதான். இப்ப ஒங்க கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்."

எடுத்தது தப்பு என்றால் வைப்பது சரியாகத்தானே இருக்க வேண்டும்? நான் ஓடிப்போய் ஒரு மண்கட்டியைத் தூக்கிக் கலுங்கில் வைத்தேன். அப்பா அதே முதுகில் இன்னோர் அடி வைத்தார்.

"இத அடச்சா நம்ம கரை போயிரும்லே!"

பிறகு அவர் எங்கள் வயலைத் திரும்பிப் பார்த்தார். கண்மாய்க் கரையின் தாழ்ந்த மதகான பள்ளமடைக்கு நேர் கீழே எங்கள் வயல் மட்டும்தான். நெல் கதிர் வெளிவரும் பருவத்தில் பொதி கட்டி நின்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு தேறிய பயிர். அதைத் தாண்டினால் தரிசும் கருவேலங்காடும். அப்பா மண்வெட்டியோடு போய் வயலின் கடைசி வரப்பை வெட்டிவிட்டு, மடையைத் திறக்கப் போனார். மாமா கையைப் பிடித்தார்.

"மாப்ளே, பயிரு..."

"பயிரு கெடக்கு. காட்டுக்குள்ள பரவி மெதுவா வந்தா, ஓடைக்கு வர ஒரு நாளாகும். அதுக்குள்ள ஒங்க கரையப் பாருங்க. ஓடுங்க!"

எங்கள் ஊர் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக மாமா பின்னால் ஓடினார்கள். போன வருடம் அவரை அடிக்க ஓடியதும் அதே ஆட்கள்தான். தண்ணீர் நெல்லைச் சாய்த்துக்கொண்டு போவதைப் பார்த்து அம்மா அழுதார். தன் அண்ணனான மாமாவின் ஊரை நினைத்தா, நெல்லை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் கலுங்கில் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்தான் இருந்தது. மாமா ஊர்க் கரை நின்றுவிட்டது.

தை மாதம் எங்கள் வயலில் சேறு மட்டும் காய்ந்து கிடந்தது. மாமா வண்டியில் நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அடுத்த வருடம் மழை போதவில்லை. அப்பா மறுபடி கலுங்கில் கட்டி அடுக்கினார். மாமா மறுபடி வந்தார். "நீங்கள்லாம் மனுசங்களாய்யா?" என்று அதே கத்தல், அப்பாவிடமிருந்தும் அதே வசவு. எடுத்தாலும் அடி, வைத்தாலும் அடி என்பது மட்டும் எனக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

அந்த முறை அப்பா ஒரு வரிசைதான் வைத்திருந்தார். மாமா அதை உதைக்கவில்லை. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே குனிந்து, நடுவிலிருந்த ஒரு கட்டியை மட்டும் கையால் எடுத்து, உடையாமல் ஓரமாக வைத்தார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு சத்தம் போடுகிறவர்கள் ஏன் அடித்துக்கொள்ளவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இதை எழுதி முடித்தது ஐப்பசி பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.