ஜபார் பாயின் கழுவாத பஞ்சு

முதல் ஷிப்டில், கிரைண்டிங் மெஷினைக் குளிர வைக்கிற பால் நிறத் தண்ணீரின் வடிகட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் வருகிற எங்கள் பேக்கிங் பிரிவு நாகராஜ், சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு வந்தார். "பாய் ஹோகிபிட்ரு கோயிந்து! நம்ம ஜபார் பாய் போயிட்டாரு!" காலைத் தொழுகை முடித்து வந்தவர், மீன் தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, டீயை முழுசாகக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே போய்விட்டாராம்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. வலியில்லாமல், ஊசியில்லாமல், பச்சைப் பசேல் என்ற தொட்டியைப் பார்த்தபடி ஒரு மனிதர் போவது என்றால், அது எல்லோருக்கும் வாய்க்கிற காரியமா? இதிலும் என்னை முந்திக்கொண்டார்.

பாயைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் தொழிற்சங்க மலரில் அரைப் பக்கம் போதும் என்றார்கள். பாய்க்கு அரைப் பக்கம் போதும்தான். ஆனால் அவர் கதையில் நானும் வருகிறேனே, அதற்கு எப்படிப் போதும்?

அவர் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். நான் கிரைண்டிங்கில். படிப்பு எனக்கு எட்டாவதுக்கு மேல் ஏறவில்லை என்றாலும், வடிகட்டி என்று வந்துவிட்டால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. பாதிக் கம்பெனிகளில் என் யோசனையில்தான் ஓடுகிறது. இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு குறை. எங்கள் இருவர் வீட்டிலும் செடி வளர்க்கிற மீன் தொட்டி இருந்தது. ஏரியிலிருந்து பிடுங்கி வந்த பாசியும், ரிப்பன் மாதிரி நீளும் செடியும், நடுவில் கப்பி மீன்களும். பாய் என் வீட்டுக்கு வருவார். தொட்டியில் ஒரு விரலை விட்டு எடுத்து மோந்து பார்ப்பார். "ம்" என்பார். அவ்வளவுதான். "நல்லா இருக்குது கோயிந்து" என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இத்தனை வருஷமும் கிடந்தேன்.

பில்டர் வாங்குவதில் என் கொள்கை ஒன்றுதான். கடையில் இருப்பதிலேயே பெரியது. பெங்களூர் சிவாஜி நகரில் கடைக்காரர் தொட்டி என்ன அளவு என்று கேட்டார். நான் சொல்லவில்லை. "இருக்கறதுலயே பவர் எது?" என்றேன். மனிதர் மரியாதையாக எழுந்து நின்று எடுத்துக் கொடுத்தார். அது மேல் தட்டில் இருந்தது என்பதும் உண்மைதான். வீட்டில் மாட்டி சுவிட்சைப் போட்டதும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். செடியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. சில வேரோடு கிளம்பி மிதந்தன. கப்பிகள் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"என்னா கோயிந்து, ஒகேனக்கல்லை வூட்டுக்கே கொண்டாந்துட்ட. பரிசல் எங்க?"

"பவரு பாய்! ஒரு தூசி நிக்காது."

"தூசி நிக்காது, சரி. செடி நிக்க வேணாமா?"

அவர் வீட்டுப் பில்டரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கையளவு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்சு, அதைத்தான் பஞ்சு என்போம். சின்ன மோட்டாரிலிருந்து ஒரு காற்றுக் குழாய். குமிழி மேலே ஏறும்போது தண்ணீரைப் பஞ்சு வழியாக இழுத்துக்கொண்டு போகும். இதற்கு அவர் சொல்லும் விளக்கம் இது: "செடியே பாதி பில்டருப்பா. மீனு போடற கழிவைத் தின்னுதான் அது வளருது. மீதிப் பாதிக்கு எதுக்கு லாரி எஞ்சினு? மேல ரொம்பக் கலக்குனா செடிக்கு வேண்டிய காத்தும் ஓடிப் போயிடும். இலை தலையாட்டணும். தலைய விரிச்சிப் போட்டு ஆடக் கூடாது." அவர் போன பிறகு வால்வைப் பாதி மூடினேன். அவர் சொன்னதற்காக அல்ல. கரண்ட் மிச்சமாகட்டும் என்றுதான்.

அடுத்து அந்தக் காற்று விஷயம். பாய் புண்ணியத்தில் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டதால் நானே சரியாகச் சொல்லிவிடுகிறேன். நம் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயைப் பிடித்து சட்டை, பேன்ட், தலைமுடி, டிபன் கேரியர் வரைக்கும் ஊதிக்கொண்டுதானே வெளியே வருகிறோம். கம்ப்ரசர் காற்றுக்குப் போகாத அழுக்கு உண்டா? என் பில்டர் பஞ்சு கருத்துப் போயிருந்தது. பையில் போட்டு எடுத்துப் போய் ஊதினேன். மெத்தைக் கடையில் அப்போதுதான் வெட்டியது போல ஆகிவிட்டது. சூப்பர்வைசரே வந்து பார்த்து அசந்து போனார். வீட்டில் மாட்டினேன். சாயங்காலம் தண்ணீர் மேலே வானவில் மாதிரி ஒரு படலம். விடிந்தால் தொட்டி முழுக்கப் பால் கலந்தது போல வெள்ளை. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கேன்டீனில் சாப்பாட்டு வரிசையில் பாய் அறிவித்தார். "கோயிந்து வூட்டு மீனுக்கெல்லாம் ஆயில் சர்வீஸ் ஆயிடுச்சிப்பா. இனிமே ரிப்பேர் செலவே இல்ல." தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். நாகராஜ் அதைக் கன்னடத்தில் சொன்னார், இன்னொரு கூட்டம் சிரித்தது. ஆந்திராவில் குப்பம் ஊர்க்காரர் ஒருவர் தெலுங்கில் சொன்னார், மிச்சம் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரே தப்புக்கு மூன்று பாஷையில் சிரிப்பு வாங்கியவன் இந்தத் தொழிற்பேட்டையில் நான் ஒருவன்தான். தப்பு என்றா சொன்னேன்? கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் கலந்து வந்தால் அது கம்ப்ரசரின் தப்பு. என் முறையில் ஒரு குறையும் இல்லை.

அன்று ஷிப்ட் முடிந்து பாய் நேராக என் வீட்டுக்கு வந்தார். கேலி பண்ணவில்லை. தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பஞ்சுல இருக்கறது அழுக்கு இல்லப்பா, குடித்தனம். கண்ணுக்குத் தெரியாத உசுரு அதுல குடியிருந்துக்கினு தண்ணிய சுத்தம் பண்ணுது. குடியிருக்கறவனைத் தொரத்திட்டு வூட்டுக்கு வெள்ளையடிச்சி என்னா பண்றது? என் பஞ்சுல பாதி வெட்டித் தர்றேன். உன் டப்பாவுல போடு, தெளிஞ்சிடும்."

"என் தொட்டியில எதுக்கு பாய் உங்க அழுக்கு?"

"சரி. வேணுங்கறப்பக் கேளு."

அவர் தன் பஞ்சைக் கழுவுகிற அழகையும் நான் பார்த்திருக்கிறேன். தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுப்பார். அதற்குள் பஞ்சை லேசாகப் பிழிவார். அப்படியே திரும்ப வைத்துவிடுவார். குழாய்த் தண்ணீர் படவே கூடாது. பிழிந்த கறுப்புத் தண்ணீர் மல்லிகைச் செடிக்கு. இதற்குப் பெயர் கழுவுவதா என்று நான் கேட்டால், "உன்னை முதுகு தேய்க்கச் சொன்னா தோலை உரிச்சிடுவ போல" என்பார். என் வீட்டுக்காரி எத்தனையோ முறை சொன்னாள், "பேசாம அந்தப் பஞ்சைக் கேட்டு வாங்கினு வாங்க" என்று. மீன் செத்தாலும் கேட்க மாட்டேன் என்றேன். சில மீன்கள் என் பேச்சைக் காப்பாற்றவும் செய்தன.

ஜெர்மனிக்காரர் வந்த கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. புது மெஷினை ஓட்டிக் காட்ட வந்த இன்ஜினியர். மீன் வளர்ப்பில் பைத்தியம் என்று கேள்விப்பட்டு, அவரை என் வீட்டுக்கு அழைத்தது நான். எனக்கும் அவருக்கும் பாஷையே தேவைப்படவில்லை, அப்படி ஒரு நெருக்கம். வீட்டில் வடை சுட்டு வைத்திருந்தோம். தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கட்டும் என்று முந்தின நாளே பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் காட்டியிருந்தேன். அழைத்து வரப் போன நாகராஜ், வழியில் பாய் வீடு வருகிறதே, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறார். ஜெர்மனிக்காரர் அந்தத் தொட்டி முன்னால் நின்றவர் நின்றவர்தான். கையில் இருந்த டீயில் ஏடு படிந்துவிட்டதாம். பாய் விரலைத் தண்ணீரில் நனைத்து அவர் மூக்கருகே நீட்டினாராம். மழை விழுந்த மண் வாசனை. அந்த மனிதரும் தன் விரலை விட்டு மோந்து பார்த்துத் தலையாட்டினாராம். என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு நேரமில்லை. வடையைக் கூடவே வந்த பாய்தான் சாப்பிட்டார். தொட்டியில் விரலை விட்டு மோந்தார்.

"ம். ஆஸ்பத்திரி வாசன வருதே கோயிந்து."

அடக்கத்துக்குப் போனேன். பள்ளிவாசல் தெருவில் கால் வைக்க இடமில்லை. குருபரப்பள்ளி லாரிக்காரர்கள், நாகரசம்பட்டி மாங்காய் வியாபாரிகள், கெலமங்கலம் சந்தைக்காரர்கள் என்று அத்தனை பேர். ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்த மனிதருக்கு இவ்வளவு ஜனமா என்று எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் நின்ற நாகராஜிடம் கேட்டேன், "எனக்கு இவ்ளோ பேரு வருவாங்களாப்பா?"

"வர மாட்டாங்கப்பா. இனிமே காதுக்கு ரெஸ்ட்டுன்னு வூட்லயே படுத்துத் தூங்குவாங்க."

சிரிக்கக் கூடாத இடம். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் அவர் வீட்டில் ஓதுகிறார்கள் என்று போனேன். ஆட்கள் வருவார்கள் என்று வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டேபிள் ஃபேனைச் சொருகியிருந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பின்பக்கம் போனால், பாயின் மச்சான், கிருஷ்ணகிரியில் துணிக்கடை வைத்திருப்பவர், பில்டர் டப்பாவைத் திறந்து அந்தக் கறுப்புப் பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டு போகிறார். இன்னொரு கையில் சோப்புத் தூள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"கழுவாதீங்கோ! அதைக் கழுவாதீங்கோ! கீழ வையுங்க அதை!"

ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மச்சான் திகைத்துப்போய், "அழுக்குங்க, நாத்தம் அடிக்குது" என்றார்.

"அழுக்கு இல்லய்யா, குடித்தனம்! அது செத்துட்டா நாளைக்கு மீனு சாவும், அப்புறம் செடி அழுகிப் போயிடும். தொட்டியே போயிடும். பாய் வெச்சிட்டுப் போனதே அது ஒண்ணுதான்!"

துக்கத்தில் ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று யாரோ என் தோளைப் பிடித்தார்கள். அப்போது அறையின் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மும்தாஜ் அக்கா, பாயின் மனைவி, குரல் கொடுத்தார்.

"அண்ணே, அதைக் கோயிந்துகிட்ட குடுத்துடுங்க. அவங்க சொல்றது சரிதான். போன தடவை நெஞ்சு வலின்னு படுத்தப்பவே இவரு சொல்லி வெச்சாரு. நான் இல்லாதப்ப எவனாச்சும் பஞ்சைக் கழுவ வந்தா கோயிந்தைக் கூப்புடு, கத்தறதுக்கு அவனை வுட்டா ஊர்ல ஆளு இல்லேன்னு."

அங்கே இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அழுகையும் வந்தது. ஃபேனை வேறு இடத்தில் மாட்டச் சொல்லிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து டப்பாவில் வைக்கப் போனேன்.

"பாதி வெட்டி எடுத்துக்கோங்க தம்பி," என்றார் அக்கா, திரைக்கு அந்தப் பக்கமிருந்து. "நீங்க கேக்க மாட்டீங்கன்னும் சொல்லியிருக்காரு."

கத்தரிக்கோல் கேட்டு வாங்கினேன். என் டிபன் பாக்ஸில் அவர் தொட்டித் தண்ணீரை மொண்டு, பாதிப் பஞ்சை அதில் மிதக்கவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னவென்று கேட்டார். பிரசாதம் என்று சொல்லிவிட்டேன்.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். பாதிப் பஞ்சும், முழுசாக என் பொறாமையும். சில வாரங்களில் என் தொட்டி தெளிந்தது. பெரிய மோட்டாரைப் பரணில் போட்டுவிட்டேன். விரலை விட்டு மோந்தால் மழை மண் வாசனை வருகிறது. சொல்ல வேண்டியவர் இல்லை. நானே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, "நல்லா இருக்குது கோயிந்து" என்று சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன். தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டில் எடுத்து, பஞ்சை லேசாகப் பிழிந்து வைத்து, கறுப்புத் தண்ணீரை மல்லிகைக்கு ஊற்றிவிட்டு வருகிறேன். இரண்டு வீட்டிலும் ஒரே பஞ்சின் பாதிகள், பிழிவது ஒரே கை. ஆனாலும் அவர் தொட்டிதான் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. இது என்ன நியாயம் பாய்?

போன வாரம் நாகராஜும் ஸ்டோர்ஸ் ஆட்களும் அக்காவைப் பார்க்க வந்திருந்தார்கள். தொட்டி முன்னால் நின்று, "பாய் கை வெச்ச தொட்டி. அவரு போயும் எப்படி நிக்குது பாரு" என்றார்கள். நான் பின்பக்கம் பக்கெட்டோடு நின்றிருந்தேன். கை முழங்கை வரை கறுப்பு. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.