ஒரே கிடாவுக்கு மூன்று நேர்த்தி

வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் வந்து, பக்கத்து வயல்களில் உழவு முடிந்துகொண்டிருந்தது. என் வயலில் மட்டும் ஏர் இறங்கவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கோமாரி கண்டு படுத்த மாடு எழுந்து நன்றாகத் தீனி தின்றது. ஆனாலும் நேர்ந்ததைச் செலுத்தாமல் அதன் கழுத்தில் நுகத்தடி வைக்கக்கூடாது என்று என் தாயார் சொல்லிவிட்டார்.

நேர்ந்தவன் நான். மாடு பிழைத்தால் வீட்டுக் கறுப்புக் கிடாவை ஊர் எல்லைக் கருப்பசாமிக்கு வெட்டுவதாக வேண்டியிருந்தேன். எதையும் தள்ளிப்போடுகிற வழக்கம் எனக்கில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாலை, மஞ்சள் தண்ணீர், அரிவாள் எல்லாம் தயாராக இருந்தன.

தண்ணீர் தெளித்ததும் கிடா தலையைச் சிலுப்பினால் அது சாமியின் உத்தரவு; பிறகுதான் வெட்டலாம். பூசாரி தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். கழுத்து மாலையைத் தின்றது. செம்போடு தலையில் கவிழ்த்தபோது கண்ணை மூடிக்கொண்டது.

“வீட்டுல ஏதோ கொற இருக்கு மாப்ள. மறைக்காமச் சொல்லுங்க,” என்றார் பூசாரி. வெட்டிய கிடாவின் தலை அவருக்குச் சேரும். அவர் அவசரம் அவருக்கு.

என் மனைவி முந்தானையைத் திருகினாள். “என்னங்க, மாடு படுத்த அன்னிக்கே ராயப்பன்பட்டி மாதாவுக்கு இந்தக் கிடாயத்தான் நேந்துக்கிட்டேன்.”

“கருப்பன் இங்கன இருக்கையில அங்கன எதுக்குடி போன?” என்றேன்.

“இந்தச் சாமி ராத்திரியானா வேட்டைக்குப் போயிருவாக. மாதா எந்நேரமும் கோயில்லயே நிக்கிறாக.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் தாயார் குறுக்கிட்டார்: “அவள வையாதலே. பாளையத்துத் தர்காவுல இந்தக் கிடாயக் கொண்டாந்து ஓதிக்கிறேன்னு நானும் சொல்லிருக்கேன்.”

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். “ஒத்த மாப்பிள்ளைய மூணு வீட்டுக்கு நிச்சயம் பண்ணிருக்கீக. அது யாரப் பாத்துத் தலையாட்டும்? மத்த ரெண்டு எடத்துலயும் முடிச்சிட்டு வாங்க. கிடா உசுரோட வரணும், ஆமா.”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிடாவை ஒப்படைத்தோம். பூசை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். என் கிடாவை நானே ஏலம் எடுத்தேன். எதிர்த்துக் கேட்க வந்தவர்களை என் மனைவி முறைத்த முறைப்பில் விலை ஏறவே இல்லை. திரும்பும் வழியில் தர்காவில் லெப்பை ஓதி, சாம்பிராணி காட்டி, மயிலிறகால் அதன் முகத்தைத் தடவினார். அங்கிருந்து நேரே கருப்பனிடம் ஓட்டிவந்தோம்.

பூசாரி செம்பைத் தூக்குமுன்பே கிடா உடம்பெல்லாம் சிலுப்பியது. சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியதுதான் காரணம் என்பது என் கருத்து. கருப்பன் மனம் இறங்கினார் என்பது பூசாரியின் கருத்து. அவர் தலையோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மாட்டைப் பூட்டினேன். மூவரில் யார் தயவோ, சேற்றில் தயங்காமல் இறங்கியது. நாற்றுதான் சற்று முற்றிவிட்டது. விளையுமா என்று வீட்டில் இரு பெண்களும் கவலைப்படத் தொடங்கினார்கள். மிச்சமிருந்தது ஒரு சேவல். அதை யாரும் எந்தச் சாமிக்கும் நேர்வதற்குள் அன்றைக்கே குழம்பு வைத்துவிடச் சொன்னேன்.