மாட்டுக் கொட்டகையில் நின்ற கார்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இப்படியே பல வருஷம் போய்விட்டது. எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் என்பது ஒரு காரணம். எழுதினால் நான் மறைத்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது இன்னொன்று. அதுதான் பெரிய காரணம். பழைய கார் வாங்கி வீட்டிலேயே பிரித்து மாட்டும் ஆசை உள்ளவர்களுக்கு இது பிரயோஜனப்படும். அதனால் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதிவிடுகிறேன்.

1. கோழி இறங்கியதும் நான் ஏறினேன்

அறுபதுகளின் கடைசி அது. நான் காரைக்குடியில் ஒரு அரிசி மில்லில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மில் இன்ஜினைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு இன்ஜின் பைத்தியம் பிடித்துவிட்டது. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டு ஷெட்டில் பழைய சீமைக் கார் ஒன்று ஓடாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அந்த வீட்டு ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. இடம் ஒழிஞ்சாச் சரி. ஆனா பின் சீட்டுல கோழி அடை கிடக்கு. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பொறுத்துக்கங்க."

பத்து நாள் பொறுத்தேன். கோழியும் குஞ்சுகளும் இறங்கின, நான் ஏறினேன். முன்னால் ஒரு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நான் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் கார் நிறுத்த ஒரே இடம் மாட்டுக் கொட்டகைதான். எங்கள் பசு லெட்சுமியை அவிழ்த்து முருங்கை மரத்தடியில் கட்டினேன். என் மனைவி சிவகாமி வைக்கோலை அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். அன்றிலிருந்து எனக்குக் காப்பியில் பால் குறைந்தது. கேட்டால், "மாடு மனசு ஒடஞ்சு போயி கறக்க மாட்டேங்குது" என்பாள்.

2. கல்யாணப் பத்திரிகை

மில் விட்டு வந்ததும் கொட்டகைக்குள் போனால் விளக்கு வைக்கும்வரை அங்கேதான். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. ரேடியேட்டர் ஒழுகியது, மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினேன், நின்றது. ஆனால் இன்ஜின் சூடானதும் தெருவெல்லாம் மஞ்சள் வாசம் வீசும். கோழி கிழித்த சீட்டைப் பிரித்து இலவம் பஞ்சு அடைத்தேன். கதவுச் சட்டத்தில் கரையான் அரித்த கட்டைக்குப் பதிலாக ஒரு ஆசாரி தேக்கில் புதுக் கட்டை இழைத்துக் கொடுத்தார்.

டிஸ்ட்ரிபியூட்டர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். அதன் மூடியைத் திறந்தால் உள்ளே பாயிண்ட் என்று ஒரு சின்ன சாமான் இருக்கும். இரண்டு உலோக உதடு ஒட்டி ஒட்டிப் பிரியும். அப்படிச் சுத்தமாக ஒட்டிப் பிரிந்தால்தான் பிளக்கில் நெருப்புப் பொறி வரும், வண்டி ஓடும். பிரியும்போது அந்த இடைவெளி ஒரு கனமான அட்டை அளவுக்கு இருக்க வேண்டும். அளக்கிற கருவி என்னிடம் கிடையாது. பெட்டியில் தேடி ஒரு அட்டையை எடுத்துச் செருகிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது.

சிவகாமி வந்து பார்த்தாள். "ஏங்க, இது நம்ம கல்யாணப் பத்திரிகையில்ல?"

"ஆமா. கனம் சரியா இருக்கு."

"கல்யாணம் முடிஞ்சு நீங்க அதைத் தொட்டதே இப்பத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருவழியாக இன்ஜின் உயிர் பெற்றது. புரட்டாசியில் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அப்போதுதான் சிவகாமி கெடு வைத்தாள்.

"ஐப்பசி மழை வரப்போகுது. லெட்சுமி நனையக் கூடாது. விசயதசமியன்னைக்கி இந்த வண்டி நம்மளப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போயித் திரும்பிக் கொண்டாந்து விடட்டும். மாட்டுக்குப் புதுக் கொட்டகை போட்டுக்குவம். கெளம்பலையின்னா, பழைய இரும்புக் கடை காதர் பாய்கிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கிக் காலையிலயே மாட்டு வண்டியோட வாராக."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

3. ஆயுத பூஜை

பூஜையன்று காலையில் குளித்து, காரைக் கழுவி, துடைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பத்திரிகையைச் செருகி பாயிண்டைச் சரிசெய்தேன். ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ரேடியேட்டருக்கு வைத்தேன், ஸ்டீயரிங்குக்கு வைத்தேன். அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வெளியிலெல்லாம் வைக்கிறோம், வண்டிக்கு உயிர் இருக்கிற இடத்தில் வைக்காமல் விடலாமா? மூடி திறந்துதான் இருந்தது. பாயிண்டின் மேல் மோதிர விரலால் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமமும் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடினேன். மனசு நிறைந்துவிட்டது.

சாயங்காலம் சிங்கம்புணரியிலிருந்து என் மனைவியின் அண்ணன், என் மச்சான் ராமசாமி வந்து இறங்கினார். நல்ல ஆகிருதி, வாய் கொஞ்சம் அதிகம்.

"என்ன மாப்ள, நாளைக்கி வண்டியில நாங்க போறமா, இல்ல வண்டிய நாங்க தள்ளிக்கிட்டுப் போறமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

4. விஜயதசமி

விடிந்ததும் காதர் பாய் வந்துவிட்டார். மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினார். சிவகாமி கொடுத்த பொரிகடலையை வாங்கிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்தார். "எனக்கு அவசரமில்லம்மா. பொரி நல்லா இருக்கு" என்றார்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. முன்னால் நின்று, இன்ஜினைக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலைச் சுற்ற மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். சுற்றினார். இன்ஜின் 'கொர்' என்றது, அடங்கியது. மறுபடி சுற்றினார். இருபது தடவைக்கு மேல் நான் எண்ணவில்லை.

பெட்ரோல் வருகிறதா பார்த்தேன், வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி இல்லை. முந்தாநாள் வரை தெருச் சுற்றிய வண்டி. ஒன்றரை வருஷ உழைப்பை இரும்பு விலைக்கு எடுத்துப் போக வந்தவர் பொரி தின்றுகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மச்சான் மூச்சு வாங்கினார். "மாப்ள, இதுக்கு அந்தக் கோழியே தேவலை. குஞ்சாச்சும் பொரிச்சுச்சு."

சிவகாமி அண்ணனையே உற்றுப் பார்த்தாள். "அண்ணே, நேத்து எங்க சாப்புட்டீக?"

"திருப்பத்தூர்ல. பஸ் மாறயில."

"என்ன சாப்புட்டீக?"

"சோறுதான்."

"சோத்துக்கு என்ன ஊத்திக்கிட்டீக?"

"குழம்பு."

"என்ன குழம்பு?"

மச்சான் முருங்கை மரத்தைப் பார்த்தார். மரத்தடியில் லெட்சுமி அவரைப் பார்த்தது.

"ஆயுத பூசையன்னைக்கிக் கறி தின்னுட்டு வந்து, பூசை போட்ட வண்டியத் தொட்டா எப்பிடிக் கெளம்பும்? போயித் தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க."

"நான் என்ன இன்ஜினுக்கா கறி ஊத்துனேன்?" என்று முனகினாலும் கிணற்றடிக்குப் போய்விட்டார். சிவகாமி வாளியோடு பின்னாலேயே போனாள்.

நான் தனியாக நின்றேன். பொறி இல்லையென்றால் அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர்தானே. மூடியைத் திறந்தேன். உள்ளே பாயிண்ட், நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தது. உதடு இரண்டுக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து பொருக்காகியிருந்தது. அப்புறம் எப்படி ஒட்டும், எப்படிப் பொறி வரும்?

உப்புத்தாளை எடுத்த கை நின்றுவிட்டது. நல்ல நாளில் வைத்த பொட்டை அழிப்பதா? அழிக்காவிட்டால் வண்டி பாய் கைக்குப் போய்விடும். "பிள்ளையாரப்பா, கோபிச்சுக்காதே" என்று முதலில் விரலால் வழித்து, வீணாக்காமல் என் நெற்றியிலேயே இட்டுக்கொண்டேன். மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். கல்யாணப் பத்திரிகையைச் செருகிப் பார்த்தேன். மூடினேன்.

மச்சான் தலை சொட்டச் சொட்ட, பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். ஹேண்டிலைத் தொட்டுக் கும்பிட்டார். ஒரே சுற்று, வண்டி கிளம்பிவிட்டது.

மச்சான் கையிலிருந்த ஹேண்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவகாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காதர் பாய் பொரிப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, "நம்மள மீறி ஒண்ணு இருக்கத்தான்மா செய்யுது" என்று மாட்டைப் பூட்டித் தன் வண்டியைத் திருப்பினார்.

"மாப்ள, நெத்தியில என்ன இம்புட்டுச் சந்தனம்?" என்று மச்சான் கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "வேண்டிக்கிட்டேன்" என்றேன். பிள்ளையார்பட்டி போய், மஞ்சள் வாசத்தோடு பத்திரமாகத் திரும்பினோம். சந்நிதியில் நின்றபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

5. மச்சான் விட்ட கறி

லெட்சுமிக்குப் புதுக் கொட்டகை போட்டோம். கார் அதற்கப்புறம் பல வருஷம் ஓடியது. ஆனால் மச்சான் அந்த வருஷத்திலிருந்து நவராத்திரி ஒன்பது நாளும் கறி தொடுவதில்லை. அவர் மட்டுமா? மகன்களையும் தொட விடவில்லை. டிராக்டர் வாங்கியபோது அதை ஓட்ட வந்தவரையும் விடவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் என் கார்க் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அதுவும் வளர்ந்தது. அவர் குளித்துவிட்டு வரும்போதே கார் தானாக ஹாரன் அடித்தது என்பதுவரை வந்துவிட்டது.

அவருக்கு உடம்பு தளர்ந்த பிறகு ஒரு நாள் சிங்கம்புணரிக்குப் போய், சிவகாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். சந்தனம் வைத்த விரலைக்கூடக் காட்டினேன்.

விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப நான் விட்டது எத்தன நாளுக் கறி மாப்ள?"

"என்னையத் திட்டுங்க மச்சான்."

"திட்டி என்ன, கறியா திரும்பி வரப்போகுது?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா பூசையன்னைக்கி நான் தின்னது தின்னதுதான். விட்டது நல்லதுதான். அத மாத்த வேணாம்" என்றார். அந்த வருஷ நவராத்திரியிலும் அவர் கறி தொடவில்லை. சிவகாமிதான் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

நான் படித்துக்கொண்டது இதுதான். வண்டிக்குப் பொட்டு வையுங்கள், வைக்காமல் விடாதீர்கள். மூடிக்கு மேல் வையுங்கள். தப்பு நம்முடையது என்றால், இன்ஜின் ஓடுகிற சத்தம் அடங்குவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் சந்தோஷம். ஆனால் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். சிங்கம்புணரிப் பக்கம் யாராவது ஹாரன் தானாக அடித்தது என்று சொன்னால், அந்த வண்டியில் ஹாரனே கிடையாது என்று தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.